மச்சானுக்கு ஊசி, எனக்கு மயக்கம்

போன வாரம் புத்தூரில் ஒரு டாக்டரின் அறையில் மயங்கி விழுந்தேன். பதற வேண்டாம், நலமாகத்தான் இருக்கிறேன். மானம்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அங்கே போனது எனக்காக அல்ல, என் மனைவியின் அண்ணன் செல்வராஜுக்காக. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர், பழைய ஆஸ்துமாக்காரர். போன மழைக்காலத்தில் சாதாரண ஃப்ளூ என்று ஆரம்பித்து, நிமோனியாவாகி, ஐ.சி.யு. வரை போய்த் திரும்பினார். ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே அவர் கண்கள் எங்களைத் தேடியதை என் மனைவி மாலதி இன்னும் மறக்கவில்லை. நானும்தான்.

இந்த வருடம் மழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். மச்சான் மசியவில்லை.

"அதான் ஒரு தடவை வந்துட்டுப் போயிடுச்சே, இனிமே எதுக்கு?"

மாலதி என்னைப் பார்த்தாள். "வாராவாரம் பத்திரிகையில எழுதி ஊருக்கே புத்தி சொல்றீங்க. எங்கண்ணனுக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். 'டாக்டரைச் சும்மா பார்த்துவிட்டு வருவோம்' என்று மச்சானை அவர் வீட்டிலிருந்து பின்னால் ஏற்றிக்கொண்டு, பொன்மலையிலிருந்து புத்தூர் வரை ஒரே பிரசங்கம். முதுமை, எதிர்ப்புச் சக்தி, குடும்பப் பொறுப்பு... ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசியதில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ரொம்ப நன்றாக இருந்தது.

டாக்டர் இளம்பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க இந்த வருஷம் போட்டுட்டீங்களா சார்?"

"எனக்குத் தேவையில்லைங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அமெரிக்காவுல மக வீட்டுக்குப் போனப்பவே போட்டாச்சு. ஒண்ணே போதும்னு சொல்லிட்டாங்க."

"எந்த ஊசி?"

"ஏதோ மூணு எழுத்து..."

"ஆர்.எஸ்.வி.யா?"

"அதேதான்."

அவர் சிரிக்கவில்லை. நல்ல பெண். "அது வேற வைரஸ் சார். அதுக்கு இப்போதைக்கு ஒரு ஊசி போதும், வருஷா வருஷம் வேணாம். ஃப்ளூ அப்படி இல்ல. அந்த வைரஸ் மாறிக்கிட்டே இருக்கும், ஊசியோட பலமும் மாசம் போகப் போகக் குறையும். அதனால வயசானவங்க வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுக்கணும்."

ஆக, இரண்டு வருடமாக ஒரு கேள்விக்கான விடையை இன்னொரு கேள்விக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

குழப்பம் மட்டும்தானா? இல்லை. ஊசி என்றாலே எனக்குப் பயம். 'ஒண்ணே போதும்' என்றதும் காதில் தேன் பாய்ந்தது. எதற்கு ஒன்று என்று கேட்க மனம் வரவில்லை. வசதியான பாதியை மட்டும் உள்ளே விடும் காது — உங்களுக்கும் இருக்கிறதுதானே?

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளை மொதல்ல போட்டுக்கட்டும் டாக்டர். அப்புறம் நான் போட்டுக்கிறேன்."

மறுக்க வழியில்லை. சட்டைக் கையை மடக்கினேன். நர்ஸ் பஞ்சால் துடைத்தார். ஸ்பிரிட் வாசனை... அடுத்து நான் பார்த்தது மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை.

"முடிஞ்சுதாங்க?" என்றேன்.

"இன்னும் போடவே இல்ல சார்" என்றார் நர்ஸ்.

என் கை யாருடைய கையிலோ இருந்தது. பார்த்தால், மச்சான்.

"நான் ஐ.சி.யு.ல கெடந்தப்ப, பாக்க விடுற நேரமெல்லாம் நீங்க இப்படித்தான் புடிச்சுக்கிட்டு நின்னீங்க" என்றார் மெதுவாக. "பயப்படாதீங்க மாப்பிள்ளை. எனக்கு மொதல்ல போடட்டும். நீங்க பாத்துக்கிட்டே இருங்க, ஒண்ணும் ஆகாது."

எனக்குத் தைரியம் வரவேண்டும் என்பதற்காகவே அவர் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் நான் பேசிய எதற்காகவும் அல்ல. பிறகு நான் படுத்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு, போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்பினார்கள். ஸ்கூட்டரை மச்சான் ஓட்டினார். நான் பின்னால், வாயைத் திறக்காமல்.

இப்போது பொன்மலையில் அவர் சேக்காளிகளிடம் என் கதைதான் ஓடுகிறதாம். "எங்க மாப்பிள்ளையே போட்டுக்கிட்டாரு, உங்களுக்கென்ன?" என்கிறாராம். நாலைந்து பேர் போய் ஊசி போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்த வருடமும் நாங்கள் இருவரும் போக வேண்டும். யாருக்கு யார் துணை என்று மட்டும் கேட்காதீர்கள்.