குல்ஷன் சைக்கிளின் பின்சீட்டு

அனகாபுத்தூர் கைலி வியாபாரி கிபாயத்துல்லாவுக்கு ஆண் நாலு, பெண் ஒன்று. அந்த ஒன்றுதான் குல்ஷன். அஸ்தினாபுரத்து உஸாமாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். 2005-இல் கம்ப்யூட்டர் கம்பெனி உஸாமாவை ஹாலந்துக்கு அனுப்பியது. ஒரு மாதம் கழித்துப் போன் செய்தான்.

"இங்க நமக்குக் காரெல்லாம் தேவையில்ல குல்ஷன். ஸ்கூலு, கடை எல்லாத்துக்கும் சைக்கிள்தான். நீயும் கத்துக்கிட்டு வந்துடு."

பெரிய அண்ணன் ஜமீர் சிரித்த சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்டது. "இன்னாம்மா இது, ஃபாரின் போயி சைக்கிள் மிதிக்கணுமா? அத்த இங்கயே மிதிச்சிகினு கெடக்கலாமே."

சிரித்தவனே கற்றும் கொடுத்தான். முப்பது வயதில், புர்கா செயினில் மாட்டாமல் தூக்கிச் செருகிக்கொண்டு, பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் இருபது நாள் விழுந்து எழுந்தாள். "எதுக்க எது வந்தாலும் யோசிக்காத. லெஃப்ட்ல ஒடிச்சிடு" என்று ஜமீர் ஓதிக்கொண்டே இருந்தான். அந்தப் பாடம் கையில் ஏறிவிட்டது.

ஹாலந்தில் வலப்பக்கம் போகவேண்டும். நாலு மாதம் கவனமாகத்தான் ஓட்டினாள். ஐந்து வயது மகள் கைனாத் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டே வருவாள். அண்ணன்மார் வண்டியின் பின்சீட்டிலேயே வளர்ந்தவளுக்கு, யாரையும் எதிர்பாராமல் போய்வருவது சின்ன விஷயமில்லை.

ஐந்தாம் மாதம், மழையில், ஒரு வளைவில் எதிரே ஒரு கிழவர் சைக்கிளில் வந்தார். அவர் தம் வலப்பக்கம் ஒதுங்கினார். குல்ஷனின் கை இடப்பக்கம் ஒடித்தது. கிழவருக்குச் சிராய்ப்பு. கைனாத்துக்குத் தொடை எலும்பு முறிந்தது.

உஸாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். கட்டுப் பிரித்த பிறகு பிள்ளை அத்தா உஸாமாவின் சைக்கிளில் மட்டும் ஏறியது. குல்ஷன் நடத்திக் கூட்டிப்போனாள். முக்கால் மணி நேரம். தினமும் தாமதம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அதற்குப் பிறகு பள்ளி, கடை, டாக்டர், பிறந்தநாள் வீடு எல்லாமே உஸாமா பொறுப்பு. அவர்கள் கிளம்புவதை ஜன்னலில் நின்று பார்ப்பாள். இப்படியே இரண்டு வருடம்.

2008-இல் மூவரும் லீவில் அஸ்தினாபுரம் வந்தார்கள். ஊரில் வைத்து ஒருமுறை பிள்ளை பின்னால் உட்கார்ந்துவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று குல்ஷன் ஒரே நினைப்பாக இருந்தாள். ஜமீரிடம் சைக்கிள் வாங்கி, எதிர்த்த காலி மனைக்குத் தள்ளிப்போனாள்.

"ஒரே ரவுண்டு கண்ணு. மெதுவாப் போறேன்."

"நீ ஓட்டும்மா. நான் கூடவே ஓடி வரேன்."

"அம்மாவுக்காக ஒரு தடவ ஒக்காரு கண்ணு."

மனம் நோகப் பேசத் தெரியாத பிள்ளை. ஏறிக்கொண்டது. குல்ஷன் பெடலில் கால் வைக்கவில்லை, அதற்குள் சீட்டுக்கு அடியில் நடுக்கம் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். கைனாத் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி பிஸ்மி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எறங்கிக்கடா."

சொல்லி முடிப்பதற்குள் குதித்துவிட்டாள். "கோவமாம்மா?"

"இல்லடா."

அன்றைக்கே உஸாமாவிடம் சொன்னாள்: "லீவு முடிஞ்சி நீங்க ரெண்டு பேரும் போங்க."

"உனக்கு அங்க என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லீங்க. நான் இல்லாமலே எல்லாம் நடக்குது."

விமான நிலையத்துக்குக் கிளம்பிய வேனில் அவளுக்கும் இடம் இருந்தது. "வழியனுப்பவாவது வாம்மா" என்று ஜமீர் கூப்பிட்டுப் பார்த்தான். "நீங்க போயிட்டு வாங்கண்ணா" என்றவள், ஜன்னல் வழியே கைவிட்டுப் பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.