துண்டுக்குள்ள முடிஞ்ச வரி

இத எழுதறதுக்குப் பதிலா இன்னொரு தூக்கம் போடலாம்னுதான் இருந்தேன். ஆனா எங்க மொதலாளி ஊரெல்லாம் கதைய மாத்திச் சொல்லிட்டுத் திரியறாரு.

அவருக்கு ராசிபுரத்துப் பக்கம் சேகோ பேக்டரி. மரவள்ளிக் கெழங்குல ஜவ்வரிசியும் மாவும் போடறோம். நான் லோடு பாக்கறவன். கவர்மெண்டு பக்கத்து நாடுகளோட வரியில்லா யாவார ஒப்பந்தம் பேசப் போகுதுன்னு, அதுக்கு முன்னால நம்மாளுககிட்டக் கருத்துக் கேக்க அஸ்தம்பட்டியில ஒரு கூட்டம். வெளிநாட்டு மாவு வரியில்லாம வந்தா பேக்டரிய மூட வேண்டீதுதான். அதனால மாவு மேல கை வெக்காதீங்கன்னு சொல்லத்தான் மொதலாளி என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. அங்க நெரப்பக் குடுத்த பாரத்த என்கிட்டத் தந்து மாவுன்னு எழுதச் சொன்னாரு. 'நம்ம பக்கம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. எழுதிட்டேன். ஒம்பதாவதோட நின்னவன், அதுக்கு மேல படிக்கல. அவரும் படிக்காமயே கையெழுத்துப் போட்டாரு.

அதிகாரி வாசிச்சப்பத்தான் தெரிஞ்சுது, அது நம்ம பக்கம் வரியக் கொறைக்கச் சம்மதிக்கற சரக்காம். அதிகாரிக்குச் சந்தோசம் தாங்கல. எல்லாரும் அடுத்த நாட்டுக்காரன் கொறைக்கோணும்னே கேக்கறாங்களாம், நாம எதாச்சும் உட்டாத்தானே அவன் உடுவான், தாரேன்னு வந்தது இவரு ஒருத்தருதானாம்.

மொதலாளி மூஞ்சி ஊறப்போட்ட ஜவ்வரிசியாட்டம் ஆயிப்போச்சு. படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு சபையில சொல்ல முடியுமா? என்னைய ஒரு பார்வ பாத்தாரு.

ஒரே நாள்ல வரிய எடுக்க மாட்டோம், வருசா வருசம் கொஞ்சமாக் கொறைப்போம், எத்தன வருசத்துலன்னு நீங்களே சொல்லுங்கன்னாரு அதிகாரி. பக்கத்துச் சேர்ல கொமாரபாளையத்து லுங்கி யாவாரி. மாவு வரி சீக்கிரம் எறங்குனாத்தான் அவரு லுங்கிக்கு அந்த நாட்டுல வரி சீக்கிரம் எறங்கும். ரெண்டு பேரும் மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெல பேசிப் பழகுனவங்க. லுங்கிக்காரரு தோள்ல கெடந்த துண்ட எடுத்து மொதலாளி கை மேல போட்டாரு. உள்ளுக்குள்ள வெரல் புடிக்க ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு வெரலுக்கு ஒரு வருசம். மூஞ்சியில ஒண்ணும் தெரியல, துண்டு மட்டும் ஆடுது.

என்னப்பா இதுன்னு அதிகாரி என்கிட்டக் கேட்டாரு.

"பேச்சுவார்த்தைங்க சார். நீங்க மேச போட்டுப் பண்றத இவங்க துண்டு போட்டுப் பண்றாங்க."

துண்டு எறங்குச்சு. "பத்து வருசமுங்க"ன்னாரு மொதலாளி. அதுக்குள்ள புது மிசினு போட்டுச் சமாளிச்சுக்குவாராம். அதிகாரி எழுதிக்கிட்டாரு. அந்த நாட்டுக்காரன் ஒத்துக்கறது அப்பறம்.

இப்ப என்னன்னா, எல்லாம் தானே யோசிச்சு எழுதுனதாட்டம் சொல்றாரு மனுசன். ஆனா அன்னைக்கு வண்டியில ஊடு வந்து சேர்ற வரைக்கும், உன்னைய வேலைக்கு வெச்சதே தப்புன்னு திட்டிட்டே வந்தாரு.

இவ்வளவையும் சூரமங்கலத்துக் கூட்டாளிக்கு வாட்ஸப்புல அனுப்புனேன். உடனே பதில் வந்துச்சு.

"மாவுக்குப் பத்து வருசம் சரிடா, உன்ற வேலைக்கு எத்தன வெரலு புடிச்சாரு?"