கம்பளிச் சட்டையும் ஆறு தூளியும்

மே மாதத்துக் காஞ்சிபுரம் வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் போட்டுவிட்டிருக்கிறேன், அதுவும் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு. முசரவாக்கத்தில் நெசவுக்காரர் தெருவில் பால்வாடி டீச்சர் வேலை எனக்கு. பாட்டு, சுண்டல், மூக்குத் துடைப்பு, இவ்வளவுதான் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். வெளிநாட்டு நல்ல மனசுக்காரர்களின் உதவியில் நடக்கிற பால்வாடி அது. அவர்கள் அனுப்புவதை வாங்கி வைப்பதும், பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவதும் என் தலையில்தான் என்று பிறகு தெரிந்தது. கொடுக்க வந்தவரிடம் "இது வேணாங்க, அது வேணும்" என்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல் விழுங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

கம்பளி

ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே குட்டிக் குட்டிக் கம்பளிச் சட்டைகள். எல்லாம் கையால் பின்னியவை. ஒவ்வொரு பொத்தானும் ஒரு வாத்துக் குஞ்சு. எங்கேயோ பனியில் உட்கார்ந்து, முகம் தெரியாத எங்கள் பிள்ளைகளுக்காக ஒருத்தி வாத்துக் குஞ்சு தேடியிருக்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று எல்லோருக்கும் போட்டுவிட்டேன். இரண்டே நிமிடத்தில் இருபத்தைந்தும் ஒரே குரலில் அழ ஆரம்பித்தன.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கோகிலா வந்தாள். தறி நெய்கிறவள். அவள் மகள் செல்வி மூன்றாம் வகுப்போடு நின்றுபோன பெண். தவழ ஆரம்பித்த தம்பி ஒருதரம் தறிக்குழியில் தலைகுப்புற விழுந்துவிட்டான். அன்றிலிருந்து அவனைத் தூக்கி வைத்திருப்பதுதான் செல்விக்கு வேலை. எங்கள் பால்வாடியிலோ மூன்று வயது முடிந்தால்தான் சேர்ப்போம். அதனால் தினமும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று எங்கள் பாட்டை முணுமுணுப்பாள். கைக்குழந்தைகளுக்கும் ஒரு அறை வேண்டும் என்று இரண்டு தடவை எழுதிப் போட்டேன். ஒரு தடவை பொம்மை வந்தது. இந்தத் தடவை கம்பளி.

கோகிலா ஒரு சட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பின்னல் அம்சமா இருக்குது டீச்சர். பின்னுன மகராசி, ஒரு நடை இங்க வந்து வெயில்ல நின்னு பாத்துட்டுப் பின்னியிருக்கலாம்."

சாக்லேட்

கோயில் பார்க்கப் போன வேன் ஒன்று வழியில் நின்று, பிள்ளைகளுக்குக் கை நிறையச் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனது. நல்ல ஜனங்கள், சிரித்த முகங்கள். மறுநாள் காலையில் பால்வாடி காலி. எல்லாம் ரோட்டோரம் வரிசையாக நின்று, போகிற வண்டிக்கெல்லாம் கை நீட்டிக்கொண்டிருந்தன. பால் லாரியைக்கூட விடவில்லை. நானும் கெஞ்சினேன், அதட்டினேன். என்னிடம் ஒழுங்காக அ, ஆ சொல்கிற நாலு வயதுப் பையன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "நீ போ டீச்சர், உன்னாண்ட சுண்டல்தான இருக்குது."

போட்டோ

இன்னொரு விருந்தாளி பெரிய கேமராவோடு வந்தார். கோகிலா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். தம்பி தவழாத நேரம், அதாவது தூங்குகிற நேரம். தூளியில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைத் தறியின் மிதிப்பலகையில் கட்டியிருப்பாள். அவள் மிதிக்க மிதிக்கத் தறியும் நடக்கும், தூளியும் ஆடும். அந்த மனிதர் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. தினம் பார்க்கிற எனக்கே அன்றைக்குத்தான் அது அதிசயமாகத் தெரிந்தது.

படம் ஆடாமல் விழ வேண்டும் என்று, கொஞ்சம் தறியை நிறுத்தச் சொல்லிக் கையால் காட்டினார். நிறுத்தினாள். அடுத்த நொடி தூளிக்குள்ளிருந்து வீறிட்டான் பிள்ளை. அவரோ பதறாமல் ஃபிலிம் தீரும்வரை எடுத்துத் தள்ளினார். அவர் போன பிறகு கோகிலா சொன்னாள்: "எம்புள்ள அழுவுற படம் ஊரு ஊராப் போவுது. பாக்கறவங்க பசியில அழுவுதுன்னுல்ல நெனப்பாங்க?"

வெறுங்கை

அப்புறம் வந்தவர் மார்த்தா அம்மா. வெளிநாட்டில் நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கினார். கையில் ஒரு பொட்டலம்கூட இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கேமராவும் இல்லை. பத்து நாள் தினமும் அதே பஸ்ஸில் வந்தார். எங்கள் பெட்டிக்கடையிலேயே வாழைப்பழம் வாங்கித் தின்றார், எங்களோடு கீழே உட்கார்ந்து சாப்பிட்டார். யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னலில் நிற்கிற செல்வியையும் பார்த்தார்.

மூன்றாம் நாள் கோகிலாவிடமே போய், கூட வந்த சென்னைப் பெண் மூலமாகக் கேட்டார்: "உங்களுக்கு என்ன வேணும்?" இத்தனை வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள். கோகிலா ஊடுநூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்தாள். "நாங்க சொல்றதக் குடுப்பாங்களாமா, இல்ல அவங்க நெனக்கிறதக் குடுப்பாங்களாமா? அதக் கேட்டுச் சொல்லுங்க, அப்பால நான் சொல்றேன்."

ஆறு தூளி

நீங்கள் சொல்வதைத்தான் என்றார் மார்த்தா அம்மா; கோகிலா கேட்டதுதான் நடந்தது. பக்கத்து அறையில் ஆறு தூளி, பார்த்துக்கொள்ள எங்கள் தெருப் பெண்ணே ஒருத்தி. அவளுக்குச் சம்பளம் மாதாமாதம் வர ஏற்பாடு. சுவரில் தன் பெயர் எழுதக் கூடாது என்றுவிட்டார் மார்த்தா அம்மா. பத்தாம் நாள் திறந்தோம்; அன்று செல்வி மறுபடி பள்ளிக்கூடம் போகச் சீருடை போட்டுக்கொண்டு தம்பியைக் கொண்டுவந்து விட்டாள்.

தூங்கவில்லை. ஆறில் ஒன்றுகூடத் தூங்கவில்லை. ஆட்டினோம், பாடினோம், விசிறினோம். தெருவே கேட்கிற அழுகை. தறியை விட்டுவிட்டு ஓடிவந்தாள் கோகிலா. "போதும் டீச்சர், எம்புள்ளயக் குடு. செல்வி வீட்டோட இருக்கட்டும், அவளுக்கு அவ்ளோதான் எழுதியிருக்குது." வாசலில் புத்தகப் பையோடு நின்ற செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அறையில் சத்தமே இல்லை! பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்திலேயே தூங்கிய பிள்ளைகள். உட்காருகிற மணைக்கட்டை ஒன்றையும் ஒரு குச்சியையும் எடுத்துத் தட்டினேன். டக்... டடக்... டக். முதலில் ஒரு தூளி அடங்கியது, பிறகு இரண்டு. மார்த்தா அம்மா கோயிலில் நிற்பதுபோல் நின்றார். பிறகு என் கையிலிருந்து குச்சியை வாங்கி அவரே தட்டினார். கோகிலா தறிக்குத் திரும்பிப் போனாள்.

கடல் தாண்டி வந்த உதவி எல்லாம் கடைசியில் ஒரு மணைக்கட்டையில்தான் வந்து நின்றது. செல்வியின் தம்பிப் பயல் மட்டும் இன்னும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தான். பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. ஓடப்போன செல்வி, வழக்கமான அந்த ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்:

"டீச்சர், அந்தம்மாவாண்ட கொஞ்சம் வேகமாத் தட்டச் சொல்லு டீச்சர், எங்கம்மா அப்பிடித்தான் நெய்யும்."