யூனிட் இரண்டு

எம்.காம் முதல் வருடம் எங்களுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் எடுத்தவர் சனிக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் அவருக்கு ஒரு கன்சல்டிங் கம்பெனியில் வேலை. பாடப்புத்தகக் கணக்கு அவருக்குப் பிடிக்காது. அங்கே ஆலோசனைக்கு வந்த நிஜக் கம்பெனிகளின் கணக்கையே, பெயரை மட்டும் எடுத்துவிட்டு, திரையில் போடுவார். அதனாலேயே அவர் வகுப்பை நான் தவறவிட்டதில்லை.

அன்று வந்தது ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி. பெங்களூரில் மூன்று யூனிட். இரண்டாவதைத் தொடர்ந்து நடத்தலாமா, மூடிவிட்டு ஆர்டர்களை வெளியூருக்கு மாற்றலாமா என்பது கேள்வி. குழுவாகச் சேர்ந்து போடச் சொன்னார். எங்கள் குழுவில் கால்குலேட்டர் என் கையில் இருந்தது. கேள்வியின் அடியில் இரண்டு குறிப்புகள்: மழையில் ஜெனரேட்டர் எரிந்துபோனது, தொழிலாளர்கள் குழந்தைகளை விடும் அறையை எடுத்துவிட்டு அங்கே கட்டிங் டேபிள் போட்டது.

இரண்டுமே எனக்குத் தெரிந்த செய்தி. சாப்பிடும்போது அம்மா சொல்லிக் கேட்டது. அம்மா பொம்மனஹள்ளி பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளில் பிசிறும் ஓட்டையும் பார்ப்பது அவள் வேலை.

கணக்கு முடிந்தது. மூடலாம் என்று விடை வந்தது. சரிதான் என்றார் சார். இது நடந்து முடிந்ததா, இனிமேல் நடக்கப்போவதா என்று எழுந்து கேட்டேன். "அது வகுப்புக்கு வேண்டாம், நம்பரைப் பாருங்கள்" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார்.

வீடு இருக்கும் லிங்கராஜபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை சொல்வதா வேண்டாமா என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மா வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

"காலேஜ்ல சொல்றாங்களா, எங்க கம்பெனிய மூடப் போறாங்கன்னு?" அம்மா சிரித்தாள். "பேர் சொன்னாங்களா?"

"இல்லம்மா. ஜெனரேட்டர் எரிஞ்சது, புள்ளைங்க ரூம எடுத்தது, எல்லாம் அப்படியே இருக்கு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

ஆனால் சொன்னது அவள்தான். செக்கிங்கில் அவளோடு நிற்கும் ஓர் அக்காவுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்திருந்தது. பழகிய இடத்தை விட மனமில்லாமல் அந்த அக்கா வேண்டாமென்று சொல்ல இருந்தாள். அம்மாவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "போயிடு, இங்க ரொம்ப நாள் ஓடாது" என்றாள். அந்த அக்கா போகும்போது இன்னொருத்தியிடம் சொன்னாள். ஒரு வாரத்துக்குள் கம்பெனி முழுக்க அதே பேச்சு.

ஃப்ளோர் மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டு, "யாரு ஹேளித்து?" என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டாராம். யார் சொன்னது என்று அம்மா கடைசிவரை வாய் திறக்கவில்லை. மறுநாளே அவளை அயர்னிங்குக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நீராவி. முன்கையெல்லாம் சிவந்து கன்றிப்போய் வீட்டுக்கு வந்தாள். நான் தேங்காயெண்ணெய் தடவப் போனால் கையை இழுத்துக்கொண்டாள். "நீ படி போ."

படிக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை சாரைத் தனியாகப் பார்த்து, அங்கே என் அம்மா வேலை செய்கிறாள் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் பெயரே சொல்லவில்லையே."

"சொல்லவில்லை சார்."

வராந்தாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தயவுசெய்து இதை யாரிடமும் சொல்லாதீர்கள். என் வேலை போய்விடும்." எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மனிதர், என் முன்னால் கெஞ்சிக்கொண்டு நின்றார். கோபப்படலாம் என்றுதான் போயிருந்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் புத்தகத்திலிருந்தே கணக்குப் போட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் யூனிட்டை மூடுவதாகக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அம்மா மாதக்கணக்கில் வீட்டில் இருந்தாள். பிறகு, முன்னாலேயே போன அந்த அக்காதான் தன் கம்பெனியில் சொல்லி இடம் வாங்கித் தந்தாள். பழைய சர்வீஸ் எதுவும் சேராது, புது ஆள் மாதிரி முதலிலிருந்து. சின்னச் சின்னப் பெண்களோடு வரிசையில் நின்று ஐடி கார்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தக் கணக்குல எங்களையும் சேர்த்தாங்களா?"

"சேர்த்தாங்கம்மா. கூலின்னு ஒரு வரி இருந்துச்சு."

"சேர்த்துமா அந்த விடை வந்துச்சு?"

கூலியைச் சேர்த்ததால்தான் அந்த விடையே வந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "ஆமாம்மா" என்றேன். அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது கடைசி செமஸ்டர். கேம்பஸ் இண்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகளில் கன்சல்டிங் கம்பெனிகளும் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் ஆடிட்டர் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.