பெங்களூர் வெள்ளியும் என் காந்தமும்

யுத்த காலத்தில் எங்கள் இண்டூரில் மின்சாரம் கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் நான் இருந்தேன். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து செத்த லாரியின் எஞ்சினிலிருந்து மாமா கழற்றிவந்து கொடுத்த லாடக் காந்தம் எப்போதும் என் கால்சட்டைப் பையில் கிடக்கும். அதன் கனத்தில் கால்சட்டை இடுப்பில் நின்ற நேரம் குறைவு. இரும்பு ஒட்டும், பித்தளை ஒட்டாது, வெள்ளி ஒட்டாது என்று வீட்டிலிருந்த அத்தனையையும் சோதித்துவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் பல்லும் ஒட்டாது. அந்த முடிவு மட்டும் என் முதுகில் பதிவானது.

அந்த மாசியில் அக்காவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை அப்பாவைவிட இரண்டொரு வயது இளையவர். முதல் தாரம் தவறிப்போயிருந்தது. நிலம் ஏராளம் என்று தரகர் சொன்னதில் அப்பா மயங்கி வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா சரியாகச் சாப்பிடாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விறகு ஈரம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நிச்சயத்தன்று வெற்றிலை பாக்கோடு ஒரு தட்டு வந்தது. பெங்களூரில் வாங்கிய சுத்த வெள்ளி என்று மாப்பிள்ளையின் தாயார் வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். பெண்கள் பார்க்கட்டுமென்று தட்டு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டுக் காந்தத்தைக் கேட்டாள். தட்டும் காந்தமுமாகக் கதவுக்குப் பின்னால் போய்விட்டு வந்தாள்.

"வெள்ளி இதுல ஒட்டுமாடா?"

"ஒட்டாதுக்கா."

"அப்ப சபைக்குத் தட்டு வர்றப்ப வெச்சுக் காட்டு. உன் கெட்டிக்காரத்தனத்த அவங்களும் பாக்கட்டும்."

என் மேதைமையை முதன்முதலாக ஒருவர் அங்கீகரித்திருக்கிறார். சபை நடுவே போய் நின்று, காந்தம் எதை இழுக்கும், எதை ஏறெடுத்தும் பார்க்காது என்று ஒரு பிரசங்கம் செய்தேன். பிறகு, வெள்ளி ஒட்டாது என்பதை நிரூபிக்கக் காந்தத்தைத் தட்டின் விளிம்பில் வைத்தேன். டக்கென்று கவ்விக்கொண்டது. தூக்கினேன். வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் சரிந்து உருள, தட்டு காந்தத்தோடு தொங்கியது.

"வெள்ளி ஒட்டாதுங்க. அப்ப இது இரும்புங்க," என்று சபைக்கு விளக்கினேன். கைதட்டலுக்காகக் காத்தும் நின்றேன்.

சின்னப் பையனுக்கு என்ன தெரியும் என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். அப்பா எழுந்து வந்தார். முதுகைத் தயார்செய்துகொண்டேன். ஆனால் அவர் காந்தத்தை வாங்கித் தட்டின் நடுவில் ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை தானே வைத்துப் பார்த்தார்.

"தட்டே இப்படின்னா, நீங்க சொன்ன நெலத்த எத வெச்சுப் பாக்கறதுங்க?"

பொழுது சாய்வதற்குள் அவர்கள் வண்டி ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது. அன்று ஊரில் என்னைவிட உயரமான ஆள் இல்லை.

விளக்கு வைத்ததும் அக்கா காந்தத்தைக் கேட்டு வாங்கி, கழுவித் துடைத்து, குங்குமம் இட்டு, சாமி மாடத்தில் வைத்தாள்.

"இது சாமி இல்லக்கா, விஞ்ஞானம்," என்று கடிந்துகொண்டேன். வடதுருவம் எது, தென்துருவம் எது, ஏன் எதிரெதிர் இழுக்கின்றன என்று முதலிலிருந்து விளக்கினேன். அவள் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சிரித்த முகத்தோடு கேட்டாள். பாடம் முடிந்ததும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். ஒரே நாளில் அவளுக்கு அறிவியலில் இத்தனை ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.