ஒத்துப்போகாத எண்கள்

எண்பதுகளின் பிற்பகுதி. ஒத்தக்கடைப் பக்கம் புதிதாக வந்த ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை எனக்கு. வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அந்தப் பெட்டியை நம்பி வந்தவன். அட்மிஷன் லிஸ்ட்டை அதிலேயே போட்டுவிடலாம் என்று முதல்வரிடம் வாயைக் கொடுத்ததும் நான்தான். "சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா பழையபடி கையாலயே எழுதிக்கிறோம். நீயும் வேற எடம் பாத்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டார்.

விண்ணப்ப எண்ணும் பெயரும் ஒரு ஃபைலில். விண்ணப்ப எண்ணும் மார்க்கும் இன்னொன்றில். என் புரோகிராம் இரண்டிலிருந்தும் ஒவ்வோர் எண்ணாக எடுக்கும். ஒன்றாக இருந்தால் பெயரையும் மார்க்கையும் சேர்த்து அச்சடிக்கும். இல்லையென்றால் சின்ன எண்ணைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கும். அவ்வளவுதான். ஓட்டினேன். ஒரு பெயர்கூட வரவில்லை.

மத்தியானம் ஆகியும் அதே கதை. பஸ்ஸில் வந்திறங்கிய அப்பன்மார் ஜன்னலில் முகத்தை வைத்து, "தம்பி, லிஸ்ட்டு ஒட்டியாச்சா?" என்று கேட்டபடியே இருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. புரோகிராமை வரிவரியாக மேய்ந்தேன். தப்பே இல்லை. பெயர்களை அடித்த டைப்பிஸ்ட் அண்ணன், "என்ன மாப்ள, பெட்டி மக்கர் பண்ணுதா?" என்று சிரித்தபோது, அந்தப் பெட்டியைத் தூக்கி அவர் தலையிலேயே போடலாமா என்றிருந்தது.

இரண்டு ஃபைல்களையும் அச்சடித்து மேசையில் விரித்தேன். மார்க்குகளை அடித்த ஆபீஸ் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவப் பெண்.

"அண்ணே, நம்ம நம்பரெல்லாம் 1001, 1002-ன்னு ஒண்ணுலதான ஆரம்பிக்கும்? பேரு ஃபைல்ல மொத வரியில ரெண்டுன்னு மட்டும் நிக்குதே, அது யாரு?"

"அது பிள்ளையார் சுழிம்மா" என்றேன் எரிச்சலாக. சொன்ன வாய் மூடவில்லை. அட கிரகமே!

டைப்பிஸ்ட் அண்ணன் இங்கிலீஷ் டைப்ரைட்டரில் பழகியவர். அதில் 'உ' ஏது? எதை அடித்தாலும், பார்க்க அதே மாதிரி இருக்கிறதென்று உச்சியில் ஒரு 2 போட்டுத்தான் தொடங்குவார். காலையிலிருந்து அந்த வரியைப் பார்த்துப் பார்த்து, சுழிதானே என்று என் கண் தாண்டிப் போயிருக்கிறது. புரோகிராமுக்குப் பிள்ளையாரைத் தெரியுமா? எண்ணையும் எழுத்து மாதிரி இடப்பக்கத்திலிருந்தே ஒப்பிடுகிற அது, ஒன்றில் தொடங்குகிற எல்லா எண்ணையும்விட இந்த இரண்டுதான் பெரிது என்று மார்க் ஃபைலைக் கடைசிவரை தள்ளித் தீர்த்திருக்கிறது.

"விக்கினம் தீக்குறவரே வழிய மறிச்சு உக்காந்துட்டாராக்கும்!" என்று அவள் சிரித்தாள்.

"புள்ளையாரையா அழிக்கப் போற? வேணாம் மாப்ள" என்று பதறினார் டைப்பிஸ்ட் அண்ணன்.

"அண்ணே, இன்னைக்கு அவரா நானான்னு ஆயிப்போச்சு" என்று கத்தினேன். ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் அழித்தேன்.

பிரிண்டர் கறகறவென்று பெயர்களைத் துப்பியது. முதல்வர் காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி, மேல ஒண்ணுமே போடாம மொட்டையா இருக்கு?"

பேனாவை எடுத்து உச்சியில் பெரிதாக ஓர் 'உ' போட்டார். "ம், இப்பக் கொண்டுபோய் ஒட்டு. நாளைக்கு வெள்ளன வந்துரு, அடுத்த லிஸ்ட்டு கெடக்கு."