நாலாம் வகுப்பு கட்டிய ரோமாபுரி

பிள்ளைகளுக்கு வேஷம் கட்டுவது சுலபம், அவர்களைப் பெற்றவர்களுக்குப் பதில் சொல்வதுதான் ஆண்டு விழாத் தொழில்.

பள்ளிக்கூடம் பிடிக்காமல் பிளஸ் ஒன் பாதியில் நின்றவன் நான். இப்போது அம்பத்தூரில் ஒரு டான்ஸ் மாஸ்டரிடம் வேலை. ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பள்ளிகளின் ஆண்டு விழாவுக்கு ஆட்டம், நாடகம் எல்லாம் நாங்கள்தான் பழக்குகிறோம். அதாவது எங்கிருந்து தப்பித்து ஓடினேனோ, அங்கேயே சம்பளத்துக்குக் கிடக்கிறேன். உங்கள் பிள்ளை அரை நிமிஷம் மேடையில் வருவதற்காக மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

இந்த வருஷம் பூந்தமல்லியில் ஒரு பள்ளி. தலைப்பு ‘உலக நாகரிகங்கள்’. நாலாம் வகுப்புக்கு ரோமாபுரி விழுந்தது. கதை இதுதான்: ரோமுலஸ், ரெமஸ் என்று இரட்டைப் பிள்ளைகள். ஆற்றில் விட்டுவிடுகிறார்கள், ஓநாய் பால் கொடுத்துக் காப்பாற்றுகிறது. வளர்ந்ததும் ஊர் கட்டப் போகிறார்கள். எங்கே கட்டுவது என்று தகராறு. வானத்தைப் பார்க்கிறார்கள், ரெமஸுக்கு ஆறு கழுகு, ரோமுலஸுக்குப் பன்னிரண்டு. ரோமுலஸ் சுவர் எழுப்புகிறான். ரெமஸ் கிண்டலாக அதைத் தாண்டிக் குதிக்கிறான். ரோமுலஸ் அவனைக் கொன்றுவிட்டு ஊருக்குத் தன் பேரை வைக்கிறான்.

யார் சாவது?

ரோமுலஸ் வேஷத்துக்கு வகுப்பே கை தூக்கியது. ரெமஸுக்கு ஒரு கை இல்லை. பிள்ளைகளைச் சமாளித்தாலும் அம்மாக்களைச் சமாளிக்க முடியவில்லை. ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டிலிருந்து ஒருவர் போன் செய்து, “சாகற மாதிரி வேணாம் தம்பி, எங்க மாமியார் பார்க்க வர்றாங்க” என்றார். மாமியார் வந்தால் ரெமஸ் உயிரோடு இருக்கணுமா? கேட்கவில்லை. கேட்டால் மாஸ்டர் திட்டுவார்.

கடைசியில் திருவேற்காட்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். சரணும் முகிலும் அண்ணன் தம்பி பெற்ற பிள்ளைகள். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரியே இருப்பார்கள். நிலமெல்லாம் மனையாகப் போன பழைய குடும்பம். அப்பாக்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீட்டை இரண்டாக்கி நடுவில் சுவர் வைத்துவிட்டார்கள். பையன்களும் பேசக் கூடாதென்று உத்தரவு. வகுப்பில்கூட இடம் மாற்றி உட்கார வைக்கச் சொல்லிவிட்டார்களாம். முகில் என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னான்: “நான் சாவுறேன்ணா. அவன்கூட நிக்க உடு, அது போதும்.”

புட்டிப்பால்

ஓநாய் நான்தான். வாடகைக் கடையில் ஓநாய் இல்லை, கரடி இருந்தது. காதை வெட்டி ஒட்டினோம். உள்ளே வெந்து போனேன். ஒத்திகை பார்க்க வந்த தலைமையாசிரியை, பிள்ளைகள் ஓநாயிடம் பால் குடிக்கிற இடத்தில் கையைத் தட்டி நிறுத்தினார். “பேரன்ட்ஸ் வீடியோ எடுப்பாங்க. வேற மாதிரி பண்ணுங்க.” வேறு மாதிரி என்றால்? மாஸ்டர் யோசித்து, என் கையில் இரண்டு பால் புட்டிகளைக் கொடுத்தார். நான்கு காலில் நிற்கிற மிருகம் எந்தக் கையால் புட்டி பிடிக்கும்? முட்டி போட்டு உட்கார்ந்து சரணுக்கு ஒன்று, முகிலுக்கு ஒன்று நீட்டினேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்தார்கள். கேட்டருகே நின்ற வாட்ச்மேன் தாத்தா கேட்டார்: “இன்னா நைனா, இதுக்கோசரம்தான் படிப்ப நிறுத்தினியா?”

கழுகுக் கணக்கு

துணிக்குக் கட்டணம் கட்டிய ஒவ்வொரு பிள்ளையும் மேடை ஏற வேண்டும், இது எங்கள் தொழிலில் சட்டம். கதையில் பதினெட்டுக் கழுகு இருந்தது எங்களுக்கு வரம். அதிலும் மண் விழுந்தது. ரெமஸ் பக்கத்து ஆறு கழுகில் ஒன்றின் அப்பா நேரில் வந்து, “எங்க பாப்பா தோத்த கழுகா?” என்றார். மறுநாள் இன்னும் இரண்டு கழுகுகளின் அப்பாக்கள் வந்தார்கள். பாதிப் பாதியாகப் பிரித்துவிடும்படி வகுப்பு மிஸ் சொல்லிவிட்டார்.

இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் ஒன்பது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் சமமாக வந்துவிட்டால் அப்புறம் அவர்கள் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். அவர் ஸ்பீக்கர் ஒயரைச் சொருகிக்கொண்டே சொன்னார்: “அண்ணன் தம்பி அட்ச்சிக்கக் காரணம் வேணுமாடா? நீ பாட்டப் போடு.”

ஜோடி

இரண்டு பேரும் ஜோடி என்ற சேதி எப்படியோ வெளியே போய்விட்டது. சரணின் அப்பா பைக்கை மைதானத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தார். “அவன் புள்ளகூட என் புள்ளைய எவன் நிறுத்துனது?” நான்தான் என்றேன். ஆளை மாற்று என்றார். முகில் தெர்மாகோல் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். பெரியப்பா கண்ணில் படக் கூடாதாம்.

பொய் சொல்ல எனக்கு வராது. இருக்கிறதைச் சொன்னேன்: சாவதற்கு வேறு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள் சார், முகில் போனால் நாடகமே இல்லை, உங்கள் பையனுக்கும் வேஷம் இல்லை. கிரீடத்தோடு நின்ற சரணை ஒரு முறை பார்த்தார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினார். “கடைசில சாவுறது அவன்தானே? அப்ப இருக்கட்டும்.”

மேடையில்

விழா அன்று எல்லாம் ஒழுங்காகவே போனது. புட்டிக்குச் சிரித்தார்கள், கழுகுகளுக்குக் கைதட்டினார்கள். முகில் சுவரைத் தாண்டிக் குதித்தான். சரண் அட்டைக் கத்தியைத் தூக்க வேண்டும். தூக்கவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு முகிலின் கையைப் பிடித்துக்கொண்டான். முன் வரிசையிலிருந்து சரணின் அப்பா எழுந்து கத்தினார்: “வெட்டுடா! நிக்கிறான் பாரு, வெட்டு!”

நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த முகிலின் அப்பாவும் எழுந்தார். “என் புள்ளைய வெட்டச் சொல்றியா நீ?” நாடகம்தான் என்று யாரோ சொன்னார்கள். யார் காதிலும் ஏறவில்லை. நாற்காலிகள் உருண்டன. நான் ஓநாய் வேஷத்தோடு இறங்கி ஓடி நடுவில் நின்றேன். முகத்தில் ஒரு குத்து வாங்கினேன். யார் குத்தினார்கள் என்று முகமூடிக்குள்ளிருந்து தெரியவில்லை.

மேலே பாட்டு நிற்கவில்லை. ‘ரெமஸ் மாண்டான்’ என்று பதிவுக் குரல் சொன்னதும் முகில் சொன்ன பேச்சைக் காப்பாற்றிப் படுத்துவிட்டான். சரண் அவன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். கை மட்டும் விடவில்லை. ‘ரோமுலஸ் ஊரை ஆண்டான்’ என்றது குரல், இரண்டு பிணத்துக்கு மேலே. தாளாளர் மாஸ்டரைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “ரெண்டு பேரும் செத்துட்டா ஊரு எதுக்குய்யா?”

துணி திரும்ப வாங்கிய நாள்

அடுத்த வாரம் வேஷத் துணிகளைத் திரும்ப வாங்கப் போனேன். ஆபீஸ் வாசலில் முகிலின் அம்மா நின்றிருந்தார். டி.சி. வாங்கியாகிவிட்டதாம். திருநின்றவூரில் வாடகை வீடு பார்த்துவிட்டார்கள், பள்ளியும் அங்கேயே. “தினம் அவங்க மூஞ்சில முழிக்க முடியாது தம்பி. புள்ளைக்கு இன்னும் சொல்லல, நீயும் சொல்லாத” என்றார். எதையும் மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறவன் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

முகில் மடித்த துணியைக் கொண்டுவந்து கொடுத்தான். போகாமல் அங்கேயே நின்றான். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “அண்ணா, அடுத்த வருஷம் வேற கதை எடுண்ணா. நானும் சரணும் ஒரே கட்சில இருக்கிற மாதிரி.”

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஊர் கட்டிக் கொடுக்கிறோம், அதில் இரண்டு பசங்கள் சேர்ந்து நிற்க மட்டும் இடம் இருப்பதில்லை.